மெர்வின் ஃபால்கனும் ரேலீனின் டொரானாவும்

மெர்வ் டக்வெல்லும் அவன் மனைவி ரேலீனும் முப்பத்து நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே கட்டிலில் படுத்தார்கள், ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் ஒரே காரில் ஏறியதில்லை. தேவாலயத்துக்குப் போனாலும் சரி, பல் டாக்டரிடம் போனாலும் சரி, முன்னால் அவனுடைய ஃபோர்டு ஃபால்கன், பின்னால் அவளுடைய ஹோல்டன் டொரானா. தேனிலவுக்குக் கடற்கரைப் பக்கம் போனபோதும் இரண்டு கார்தான். வழியில் பெட்ரோல் போட நிறுத்தின இடத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டார்களாம். ரேலீனே சொன்னாள்.

ஆஸ்திரேலிய உள்நாட்டில் எங்கள் குரண்டி ஊரில் இதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமாட்டார்கள். ஃபோர்டும் ஹோல்டனும் இங்கே பரம்பரைப் பகைக் கார் கம்பெனிகள், ஒருவன் ஃபோர்டு வீட்டில் பிறப்பான், அல்லது ஹோல்டன் வீட்டில் பிறப்பான். வேலையை மாற்றிக்கொள்ளலாம், தேவாலயத்தை மாற்றிக்கொள்ளலாம், பெண்டாட்டியைக்கூட மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்றினால் மட்டும் ஊர் மன்னிக்காது. அக்டோபரில் பாதர்ஸ்ட் மலைக் கார் பந்தயம் டிவியில் ஓடும் அன்று கறி சுடும் அடுப்புகூட இரண்டாகப் பிரிந்துவிடும். கலப்புத் திருமணம் என்றால் எங்கள் ஊரில் இதுதான் அர்த்தம்.

நான் டல்சி, அவர்கள் பக்கத்து வீடு. டொயோட்டா ஓட்டுகிறவள். அதனால் இரண்டு தரப்பும் என்னை ஒரு மனுஷியாகவே மதித்ததில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் பழைய கார் சங்கத்தில் ஸ்டாப்வாட்ச் என் கைக்கு வந்தது. ஃபோர்டுக்காரன் நேரம் பார்த்தால் ஹோல்டன்காரன் நம்பமாட்டான், ஹோல்டன்காரன் பார்த்தால் இவன் நம்பமாட்டான். டொயோட்டாக்காரிக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டார்கள்.

மெர்வ் ஆழ்குழாய்க் கிணற்றுப் பம்பு பழுது பார்ப்பவனாக இருந்தான். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணையில் தண்ணீர் ஏறாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாளில் முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓட்டுவான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கால் நிற்கவில்லை. தேநீரை நின்றுகொண்டே குடிப்பான், செய்தித்தாளை நடந்துகொண்டே படிப்பான். காலை உணவு முடிந்ததும் ஃபால்கனை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விட்டு வருவான். எங்கே போனாய் என்றால், "சும்மாதான்" என்பான். அவனுக்கு எதிரே உட்கார்ந்தால் நமக்கே எழுந்து நடக்கவேண்டும் போல் இருக்கும்.

ரேலீன் அப்படியே எதிர்ப்பதம் என்று நினைக்கவேண்டாம். பள்ளிப் பேருந்து ஓட்டி ரிட்டயர் ஆனவள். அவள் வாய்க்கு ஓய்வு கிடையாது. அவளுடைய அப்பா வால்டர், ஹோல்டனைத் தவிர வேறு எதையும் தன் கேட்டுக்குள் விட்டதில்லை. காதலித்த காலத்தில் மெர்வ் ஃபால்கனை வெளியே யூக்கலிப்டஸ் மரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே போகவேண்டும். கிழவர் சாகும்போது டொரானாவை மகளுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது, ஃபோர்டு ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினார்.

மாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் தினமும் இதே வழக்குதான், மெர்வ்தான் ஆரம்பிப்பான்.

"முந்நூறு குதிரை சக்தி. எட்டு சிலிண்டர். அஞ்சே முக்கால் லிட்டருக்கு மேல. உன்னோடது என்ன, தையல் மெஷினா?"

"ஆறு சிலிண்டர்தான், நூத்தித் தொண்ணூறுதான். ஆனா உன் எருமை ஒன்றரை டன்னு. என் பொண்ணு ஆயிரத்து நூறு கிலோவுக்குள்ள."

"டன்னுக்குக் கணக்குப் போட்டாலும் என்னோடதுதான் ஜாஸ்தி, ரே. இருநூறு. உனக்கு நூத்தி எழுபத்துச் சொச்சம்."

"நேர் ரோட்டுல போய்க்கோ. வளைவு வந்தா உன் எருமைக்குத் திரும்பவே அரை நாள் ஆகும். மூணு கார்புரேட்டர் எனக்கு, மூணு!"

"மூணையும் ஒரே சுருதில வச்சுக்க மாசத்துல பாதி நாள் கொட்டகையிலதானே கிடக்கற."

"எழுபத்திரண்டு பந்தயம் ஞாபகம் இருக்கா? மழைல யாரு ஜெயிச்சது?"

இந்த இடத்தில் மெர்வ் வாயை மூடிக்கொள்வான். அந்த வருஷம் மழையில் சின்ன டொரானாதான் பெரிய ஃபால்கனை முந்தி ஜெயித்தது. அதற்கு முந்தின வருஷம் ஃபால்கன் ஜெயித்ததை அவன் எடுத்துவிடுவதற்குள் ரேலீன் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பாள்.

போன வருஷம் கோடையில் ஒரு நாள் பட்டப்பகலில் ஃபால்கன் என் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்தது. நான் ஓடிப்போனேன். மெர்வ் இறங்கி, விழுந்து கிடந்த பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

"என்ன மெர்வ், என் பெட்டி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"பாக்கல டல்சி."

"இந்த வெயில்லயா பாக்கல?"

அவன் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். ரேலீன் வீட்டில் இல்லை. அப்புறம் சொன்னான்:

"நேராப் பாத்தா நடுவுல ஒண்ணும் இல்ல. ஓரமெல்லாம் தெரியுது. உன் தோடு தெரியுது. மூஞ்சி இருக்கவேண்டிய எடத்துல வெறும் புகை."

"என் மூஞ்சிக்கு அதுவே நல்லதுடா" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

டப்போ நகரத்துக் கண் டாக்டர் சொல்லிவிட்டாராம். விழித்திரை நடுவிலிருந்து தேய ஆரம்பித்திருக்கிறது, போகப்போக ஓரமும் போகும், திரும்பி வராது. மாதக் கடைசிக்குள் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"ரேலீனுக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா என்னைத் தூக்கி அந்த டொரானால போட்டுருவா."

"போட்டா என்ன? ஊர்ல பாதிப் பேரு ஹோல்டன்லதான் போறான்."

"வண்டி மட்டுமா பிரச்சனை?" பெட்டியைக் காலால் நிமிர்த்தப் பார்த்தான், அது நிற்கவில்லை. "எனக்கு உக்காரத் தெரியாது டல்சி. அறுபத்தாறு வயசு வரைக்கும் கத்துக்கல. இனிமே யாரு வண்டிலயோ மூட்டை மாதிரி ஓரமாக் கிடக்கணும். எங்க போறோம்னு கூடத் தெரியாது. நெனச்சாலே மூச்சு முட்டுது."

அன்றே சாவியை ஆணியில் மாட்டிவிடுவான் என்று நினைத்தேன். பாதி மாட்டினான். சாலைக்கு எடுத்துப் போவதில்லை, அந்த அளவு புத்தி இருந்தது. ஆனால் காலையில் கொட்டகையைத் திறப்பான், எஞ்சினைக் கிளப்புவான், கேட் வரைக்கும் ஓட்டி வருவான், நிறுத்துவான், பின்னாலேயே போய்க் கொட்டகையில் ஏற்றுவான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். அந்த எட்டு சிலிண்டர் உறுமல் கேட் வரை வந்து வந்து திரும்புவதைக் கேட்டு என் சமையலறையில் எனக்கும் வேலை ஓடவில்லை. நானே போய்க் கேட்டைப் பூட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

சங்கத்தின் மாதக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடந்தது. தலைவர் கீத் கோரி, பரம்பரை ஹோல்டன்காரர், அகல விளிம்புத் தொப்பியுடன் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். மெர்வ் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் அங்கும் இங்கும் நடந்தான். திடீரென்று நின்றான்.

"கீத், இத்தன வருஷமா நாம போட்ட ஒப்பீடெல்லாம் குப்பை."

"என்னப்பா சொல்ற?"

"ஃபால்கன நான் ஓட்டினேன், டொரானாவ ரேலீன் ஓட்டினா. அது வண்டிய ஒப்பிட்டதா, ஆள ஒப்பிட்டதா? ஒரே ஆளு ரெண்டையும் ஓட்டணும். ஒரே ரோடு. ஒரே நாளு. அப்பதான் கணக்கு."

"அதுவும் சரிதான். யாரு ஓட்டறது?"

"ரேலீன்."

தொத்திறைச்சியைத் திருப்ப மறந்து கீத் கருக விட்டுவிட்டார். ரேலீன் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"நானா? உன் எருமையையா? எங்கப்பா கல்லறையை உடைச்சுக்கிட்டு எழுந்து வந்துருவாரு."

"வரட்டும். அவரு கேட்டுக்கு வெளிய நின்ன வண்டிதானே அது, இப்ப அவரு நிக்கட்டும்."

"எந்த ரோடு?" என்று கேட்டார் கீத்.

"சேணமேடு."

இப்போது ஃபோர்டுக்காரர்கள் எல்லாம் அவனைப் பார்த்தார்கள். சேணமேட்டுக் குன்றில் ஏறும் சாலை முழுக்க வளைவு. நேராக நூறு அடி கிடையாது. அது டொரானாவுக்கென்றே போட்ட சாலை. ஃபால்கன்காரன் தானாகப் போய் அதைக் கேட்கிறான்.

"எது ஜெயிக்குதோ அதுலதான் இனிமே ரெண்டு பேரும் போவோம்" என்றான் மெர்வ். "தோத்தது தார்ப்பாய்க்கு அடில. எனக்குக் கண்ணு போகுது. மாசக் கடைசியோட என் ஓட்டம் முடிஞ்சுது."

ரேலீன்தான் முதலில் பேசினாள்.

"இப்பவாவது சொன்னியே. தேத்தண்ணிய சத்தத்த வச்சு ஊத்தறவனுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்குத் தெரியாதா? டல்சியோட பெட்டி காத்துலயா விழுந்துச்சு? எப்ப வாயத் தொறக்கறேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. மளமளவென்று ஏறியது.

"சேணமேடாம்! எனக்குப் பிச்சை போடறியா? ஜெயிச்சுக்கோம்மான்னு விட்டுக் குடுக்கறியா? நல்லாக் கேட்டுக்கோ. உன் வண்டிய நான் வஞ்சகமில்லாம ஓட்டுவேன். அது தோத்தா என் கையால தோக்காது. எங்கப்பாகிட்ட நான் மேல போய்ப் பேசிக்கிறேன்."

அடுத்த சனிக்கிழமை சேணமேட்டுச் சாலையைச் சங்கம் அனுமதி வாங்கி மூடியது. எங்கள் பக்கம் நாலு வருஷமாக மழை கிடையாது. புல் வெளுத்துக் கிடந்தது, சாலை ஓரத்தில் மண் மாவாகப் பறந்தது. நான் உச்சியில் மடக்கு நாற்காலி போட்டு, ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன். கீழே கீத் கொடி காட்டுவார், கம்பியில்லாப் பேசியில் எனக்குச் சொல்வார்.

இனிமேல் இரண்டு பேரும் ஒன்றாகப் போகப்போகிற வண்டி என்பதால், இரண்டு ஓட்டத்திலும் மெர்வ் இடதுபக்க சீட்டில் உட்காரவேண்டும் என்று முடிவானது. டொரானாதான் முதலில். வாழ்க்கையில் முதன்முதலாக ஹோல்டனுக்குள் ஏறினான். கீத் பிறகு சொன்னார், ஊசி போட்டுக்கொள்ளப் போகிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினானாம்.

டொரானா வெட்டுக்கிளி போல ஏறி வந்தது. என் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் இருபத்து நான்கு விநாடி. உள்ளே மெர்வ் உதட்டைக் கடித்தபடி, கையை மடியில் வைத்து, அசையாமல் இருந்தான். அவன் பயந்த மூட்டை அதுதான்.

அடுத்து ஃபால்கன். ரேலீன் அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன்னால் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாளாம். கொடி விழுந்தது. மேலே இருந்த எனக்கு முதலில் உறுமல் கேட்டது, அப்புறம் அதற்கும் மேலே ஒரு குரல்.

"இப்ப விடு! விடு, விடு, இன்னும் விடு! வெள்ளைக்கல் வருது, பிரேக்கு! இடது... ரெண்டாவது கியரு... போ!"

சாலை அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் முப்பது வருஷம் பம்பு பார்க்கப் போன சாலை, ஒவ்வொரு வளைவும் அவன் முதுகெலும்பில் இருந்தது. சீட்டின் சாய்விலும் எஞ்சின் சத்தத்திலும் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கையால் காற்றில் வளைவுகளைப் போட்டுக்காட்டிக்கொண்டே வந்தான். ரேலீன் வாயை மூடி அவன் சொன்னபடி ஓட்டினாள். அவள் வாய் மூடியதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு நிமிஷம் இருபத்திரண்டு. ஒன்றரை டன் எருமை, டொரானாவின் சாலையில், இரண்டு விநாடி முன்னால்.

ஃபோர்டுக்காரர்கள் தொப்பியை வீசினார்கள். ரேலீன் கதவைத் திறந்து இறங்கினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"செல்லாது!" என்று கத்தினாள்.

"என்ன செல்லாது? டல்சி கையில வாட்ச்சு இருக்கு" என்றான் மெர்வ்.

"என் வண்டில செத்த பொணம் மாதிரி உக்காந்திருந்தே! உன் வண்டின்னதும் வாய் கிழியக் கத்தறே! ஒரே ஆளு ஓட்டணும்னு சொன்னது யாரு? ஒரே ஆளுதான் கத்தவும் வேணும்! இறங்குடா கெழவா. டொரானால ஏறு. இந்தத் தடவ கண்ணத் தொறந்துக்கிட்டு ஏறு."

"கண்ணத் தொறந்தா மட்டும் என்ன தெரியப் போகுது?"

"வாயத் தொறந்தாப் போதும்!"

மறுபடியும் மேட்டின் அடிவாரத்துக்கு இறங்கினார்கள். டொரானாவில் அவனுக்குக் கணக்கு வேறு. இந்த வண்டிக்குப் பிரேக் தாமதமாகப் பிடிக்கலாம், வளைவுக்குள் இன்னும் வேகமாக நுழையலாம். முதல் இரண்டு வளைவில் தப்பாகச் சொன்னான், மூன்றாவதிலிருந்து பிடித்துக்கொண்டான். ஒரு நிமிஷம் இருபத்தொன்று. இப்போது ஹோல்டன்காரர்கள் தொப்பியை வீசினார்கள்.

"செல்லாது!" என்று இந்தத் தடவை மெர்வ் கத்தினான். "ஃபால்கன் மொதல்ல போனப்ப நீ அந்தக் கிளட்சையே பழகல. இப்பப் பழகிட்டே. திரும்ப ஓட்டு."

திரும்ப ஓட்டினாள். அப்புறம் டொரானா, அப்புறம் ஃபால்கன். ஒரு தடவை இது ஒரு விநாடி முந்தும், ஒரு தடவை அது. ஒவ்வொரு முறையும் தோற்றவர் ஒரு காரணம் கண்டுபிடிப்பார். டயர் சூடாகிவிட்டது, டாங்கில் பெட்ரோல் குறைந்து எடை மாறிவிட்டது, காற்று திசை மாறிவிட்டது. பார்க்க வந்தவர்கள் சலித்துப்போய்க் கிளம்பினார்கள். கீத் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தே மேலே வந்தார்.

"டல்சி, முடிவ என்னன்னு எழுதறது?"

"எனக்கென்ன தெரியும், நான் டொயோட்டாக்காரி" என்றேன்.

அப்போது மெர்வ் ஃபால்கன் கூரையில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். அதாவது முகத்தை அங்கே திருப்பினான்.

"ரே, நாம ஈரத்துல ஓட்டிப் பாக்கவே இல்லையே."

அவள் அவனையே பார்த்தாள். தன் வண்டிக்கு ஆகாத மழையை அவனே கேட்டான். எழுபத்திரண்டு என்ற வார்த்தையை முப்பத்து நான்கு வருஷமாக வாயில் எடுக்காதவன்.

"ஆமா" என்றாள். "ஈரத்துல பாக்காம எப்படி முடிவு பண்றது? அது வரைக்கும் தார்ப்பாயப் பத்திப் பேச்சே இல்ல. மழை வரட்டும்."

"எங்க ஊர்லயா?" என்றார் கீத். இருவரும் அவரை முறைத்தார்கள்.

திங்கட்கிழமை மெர்வ் உரிமத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். ஃபால்கனில்தான் போனான், இடதுபக்க சீட்டில். அன்றிலிருந்து கொட்டகையிலிருந்து ஒரு கார்தான் வெளியே வரும். ஒரு நாள் டொரானா, மறுநாள் ஃபால்கன், ஒப்பீடு முடியும் வரை இரண்டுக்கும் சமமாக ஓட்டம் கொடுக்கவேண்டுமாம். கோழித் தீவனம் வாங்கப் போனாலும் உள்ளேயிருந்து "இப்ப விடு, இப்பப் பிடி" என்று சத்தம் கேட்கும். ரேலீன் சில நாள் எரிந்து விழுவாள், சில நாள் வேண்டுமென்றே தப்பாகத் திருப்புவாள், அவன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். அவன் கண் இதற்குள் இன்னும் மங்கி, ஓரமும் போய்விட்டது. அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. மழை எப்போது வரும் என்றுதான் தினமும் வானொலியில் கேட்டான். ஊரில் எல்லாரும் பயிருக்கும் ஆட்டுக்கும் மழை கேட்டார்கள், அவன் ஒருவன் மட்டும் சேணமேட்டுக்குக் கேட்டான். நானும் அதற்குத்தான் கேட்டேன், வெளியே சொல்லவில்லை.

இந்த வருஷம் ஜூனில் ஒரு விடியற்காலை என் தகரக் கூரையில் சடசடவென்று அடித்தது. எனக்குக் கனவா நிஜமா என்று புரிவதற்குள் ரேலீன் என் ஜன்னலைத் தட்டினாள். நைட்டிமேல் மழைக்கோட்டுப் போட்டிருந்தாள்.

"ஸ்டாப்வாட்ச எடுத்துக்கிட்டு வா. சீக்கிரம். நின்னுடப் போகுது."

வெளியே வந்தேன். கொட்டகைக் கதவு திறந்திருந்தது, இரண்டு வண்டியும் முகம் காட்டி நின்றன. மெர்வ் முற்றத்தின் நடுவில் தொப்பியில்லாமல் நனைந்துகொண்டிருந்தான். அவனுக்கு அப்போது எதுவுமே தெரியாது, வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான்.

"ரோடு நல்லா நனைஞ்சிருச்சா டல்சி?"

"ஓடுது மெர்வ். தண்ணி ஆறாட்டம் ஓடுது."

அவன் தலையாட்டினான். கையை முன்னால் நீட்டி நடந்தான். ஃபால்கன் பக்கம்தான் போவான் என்று நினைத்தேன், அந்தக் கொட்டகையில் ஃபால்கன் எங்கே நிற்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தாண்டிப் போனான். டொரானாவின் இடதுபக்கக் கைப்பிடியைத் தடவிக் கண்டுபிடித்து, கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்தான்.

"மொதல்ல உன்னோடது" என்றான். "ஈரத்துல இது என்ன பண்ணும்னு உங்கப்பா சொல்லிச் சொல்லி என் காது புளிச்சுப்போச்சு. வா ரே, பாத்துருவோம்."